கோயில் சேலையின் வாசம்

பீர்மேட்டில் தூறலில் நனைந்தபடி ஜீப்புக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் செல்வியக்கா, மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பி நிற்கிறார். அவர் சேலையிலிருந்து அப்படியொரு வாசம். என்ன சென்ட் என்று கேட்டே விடுகிறேன்.

“சென்ட் இல்ல தம்பி, இத்தாலி சோப்பு. பக்கத்து வீட்டு மேரியோட மக அங்க நர்சு. வருசா வருசம் மேரி எனக்கு ஒண்ணு குடுப்பா. மாட்டுக் கொழுப்பு கெடக்குமோன்னு நான் மேலுக்குப் போடுறதில்ல. பீரோவுல சேலைக்கு நடுவுல வச்சிருவேன்.”

“அவங்ககிட்ட சொல்லிரலாமேக்கா?”

“ஆசையாக் குடுக்கா, எப்படிச் சொல்ல? தீந்துச்சான்னு கேப்பா, தீந்துச்சும்பேன். அடுத்த வருசமும் ஒண்ணு வந்துரும்.”

ஜீப் வருகிறது. ஏறும்போது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சேலை அஞ்சுதான் தம்பி இருக்கு. சோப்பு எட்டாச்சு!”