மெட்டுச் சாமிக்கு ஒரு பிடி கொயினா

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டி போகும். போடியிலிருந்து முந்தல் வரை வண்டித் தடம். அதற்கு மேல் போடிமெட்டு வரை பொதிமாடுதான். அரிசியும் உப்பும் மேலே போகும், ஏலக்காய் கீழே வரும். மேலே போகிற மூட்டைகளோடு மருந்துப் பெட்டியும் போகும். மதுரையில் கம்பவுண்டர் படிப்பு முடித்து வந்த எனக்கு மருந்து கலப்பதும் கட்டுவதும் வேலை என்று சொல்லியிருந்தார்கள். மாட்டுக்காரர்களைப் பழக்குவது பற்றி யாரும் சொல்லவில்லை.

சென்ற மழைக்காலத் தொடக்கத்தில் பழைய பொதிக்காரர்கள் வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள். பொதிமாடுகளை அனுப்பும் எங்கள் ஏலக்காய் மண்டிக்காரர் ராசிங்காபுரத்திலிருந்து புதிதாக இரண்டு பேரைக் கூட்டி வந்தார். இருவருக்கும் உழவு தெரியும், மலை தெரியாது.

"மூட்டை கட்ட நான் பழக்கிக்கிறேன். ஒங்க பெட்டிய நீங்க பழக்கிக் குடுங்க" என்று அவர்களை என் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார்.

மூத்தவருக்குப் பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். இளையவர் அவருடைய தங்கையின் கணவர், அதிகம் பேசாதவர். அவர் மனைவி மெட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கப் போயிருந்தாள். வாரம் ஒருமுறை அவளைப் பார்க்கலாம் என்றுதான் இந்த வேலைக்கே வந்தாராம்.

"பெட்டிய எங்க வைப்பீங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"மாட்டு மேலதான் ஆத்தா. என் தலையில வச்சா மாடு சிரிக்கும்" என்றார் மீசைக்காரர்.

என் பாடம் இதுதான். பெட்டி இரண்டு பொதிகளுக்கும் நடுவில், முதுகின் மேல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் தொங்கினால் பாறையில் இடிக்கும். கருவாட்டு மூட்டையோடு சேர்க்கக் கூடாது. ஓடையில் மாடு தண்ணீர் குடிக்கும்போது பெட்டியை ஈரத்தில் இறக்கக் கூடாது. மழை வந்தால் தன் தலையை மூடுவதற்கு முன் பெட்டிக்கு மெழுகுத்துணி. அரக்கு முத்திரையைத் தொடவே கூடாது. வழியில் யார் கேட்டாலும், யார் அழுதாலும், மருந்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கையில்தான் சேர்க்க வேண்டும்.

"அழுதாலுமா?" என்றார் இளையவர்.

"அழுதாலும்தான். அளவு தெரியாமக் குடுத்தா மருந்தே கேடாயிரும்."

முத்திரைக்கும் காரணம் சொன்னேன். நான் வருவதற்கு முன் ஒரு டப்பாவில் வழியிலேயே மாவு கலந்துவிட்டார்கள். அதிலிருந்து, அரக்கு உடைந்த டப்பாவைத் தோட்டத்தில் வாங்குவதில்லை.

பாட்டில்களில் வெறும் தண்ணீரை நிரப்பி, பெட்டியை மாட்டின் மேல் கட்டி, முற்றத்தைச் சுற்றி நடக்க வைத்தேன். மீசைக்காரரின் மாடு சுவரில் உரசி ஒரு பாட்டிலை உடைத்தது.

"அதுக்கும் காய்ச்சல் போல ஆத்தா. மருந்துக்கு வெரசாப் போகுது."

இளையவர் மட்டும் சிரிக்காமல் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் முணுமுணுத்துத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பயணத்தில் எதுவும் உடையவில்லை, எதுவும் நனையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரத்துக்குள் மலையிலிருந்து செய்தி வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் குளிர்காய்ச்சல். படுத்தவர்களில் இளையவரின் மனைவியும் ஒருத்தி. டாக்டர் பெரியகுளத்துக்குப் போயிருந்தார், அவர் வர நாளாகும். காய்ச்சல் மருந்தான கொயினாத் தூள் இருந்ததை எல்லாம் ஒரே டப்பாவில் அடைத்து, அரக்கு வைத்து, இளையவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாலைக்குள் அந்த டப்பா என் மேசை மேல் திரும்ப இருந்தது. அரக்கு உடைந்திருந்தது.

"யாரு ஒடச்சது?"

"நாந்தான்" என்றார் இளையவர்.

பக்கத்தில் நின்ற மீசைக்காரர் கத்தினார்: "சொல்லித் தொலை மாப்ளே!"

நான் என் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது போலவே, வழியில் மற்ற பொதிக்காரர்களும் தங்கள் பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மெட்டு ஏறி முடிக்கிற இடத்தில் மெட்டுச் சாமி என்று ஒரு கல் இருக்கிறது. புதிதாகத் தடம் ஏறுகிறவன், முதல் சில தடவை, மாட்டின் மேல் என்ன இருக்கிறதோ அதில் ஒரு பிடி அங்கே வைக்க வேண்டும். அரிசி என்றால் அரிசி, உப்பு என்றால் உப்பு. முதல் வாரம் இளையவர் அரிசி வைத்தார். இந்த வாரமும் மாட்டின் மேல் அரிசி இருந்தது.

"அவளைப் பொழைக்க வைக்கப் போறது அரிசி இல்லையே ஆத்தா. எது பொழைக்க வைக்குமோ அதுலதான வைக்கணும்" என்றார்.

கணக்கப்பிள்ளை உடைந்த அரக்கைப் பார்த்ததும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லயத்தில் அவள் பல் தந்தியடிக்கப் படுத்திருந்தாள். இவர் டப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கையிலதான் இருந்துச்சு. அவ அழுதா. நீங்க சொன்னீங்களே, அழுதாலும் குடுக்காதேன்னு. குடுக்கலை."

கோபிப்பதா பாராட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தேன். ஒரு சிட்டிகைத் தூளைக் கந்தகத் திராவகம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் போட்டேன். கலங்காமல் கரைந்தது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், கண்ணாடியின் ஓரத்தில் கொயினாவுக்கே உரிய நீலம் ஓடியது. மாவு இல்லை, ஈரம் இல்லை. ஒரு பிடி குறைந்ததைத் தவிர மருந்துக்கு ஒரு குறையும் இல்லை.

சத்தம் கேட்டு வந்த மண்டிக்காரர் எளிதாக வழி சொன்னார். "புது அரக்கு வச்சு அனுப்பிருங்க. எவனுக்குத் தெரியப் போகுது?"

எதிரே நின்ற இருவருக்கும் தெரியும். முத்திரையைத் தொடக் கூடாது என்று போன வாரம் சொன்ன அதே கையால், அவர்கள் கண் முன்னே, திறக்காத டப்பா என்று பொய் முத்திரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நானே கொண்டு போறேன்" என்றேன்.

"பொம்பளப் புள்ள இந்த மழையில மெட்டு ஏறுறதா? அட்டை உறிஞ்சிரும்" என்றார் மண்டிக்காரர்.

"உறிஞ்சினா உறிஞ்சட்டும், இவரு வாராவாரம் ஏறலையா?" என்று மீசைக்காரர் தன் மாட்டைக் காட்டினார். அன்று அவர் பேசிய ஒரே வேடிக்கை அதுதான்.

விடிந்ததும் கிளம்பினோம். மூச்சு வாங்கிய இடங்களில் நான் நின்றேன். இளையவர் எங்கும் நிற்கவில்லை. மெட்டில் அந்தக் கல்லைப் பார்த்தேன். அரிசியும் உப்பும் மிளகாயும் நனைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே வெள்ளைப் பசையாகக் கரைந்து வழிந்திருந்தது கொயினா. எத்தனை பேருக்கு எத்தனை வேளை என்று மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன்.

இளையவர் கல்லைப் பார்க்காமல் கடந்து போனார். பின்னால் வந்த பொதிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார்: "ஏப்பா, கும்பிடாமப் போற? மாடு வழுக்கிரப் போகுது!" அவர் திரும்பவில்லை.

கணக்கப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளி. "பொட்டிச்ச டப்பா, அரக்கு ஒடஞ்ச டப்பா, வேண்டாம்னு அன்னைக்கே பறஞ்சேனே" என்று ஆரம்பித்தார். அவர் முன்னாலேயே ஒரு வேளை மருந்தைக் கலந்து நான் குடித்தேன். கசப்பில் என் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி சரி, நீங்களே நின்னு குடுக்கிறதா இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

லயத்துக்குப் போனோம். இளையவரின் மனைவிக்கு நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. அவள் அண்ணன் மீசைக்காரர் தலையைத் தூக்கிப் பிடிக்க, கணவர் வாயைத் திறக்க, முதல் வேளையைக் கொடுத்தேன். பிறகு வரிசையாக ஒவ்வொரு வாசலாகப் போனேன். அடுத்த வாசலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. அங்கே இருந்தவள் முந்தின நாள் மதியம் இறந்துவிட்டாள் என்றார்கள். டப்பா அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

காய்ச்சல் இறங்கும் வரை அங்கேயே தங்கினேன். இளையவரின் மனைவி பிழைத்தாள். காதுக்குள் வண்டு இரைகிறது என்றாள். மருந்தின் வேலை, போய்விடும் என்று அவள் காதருகே உரக்கச் சொன்னேன். அவள் கணவரைப் பார்த்து, "பக்கத்து அக்காவுக்கும் குடுத்தீகளா?" என்று கேட்டாள். அவர் கஞ்சிக் கலயத்தைக் கழுவ வெளியே போய்விட்டார்.

நான் கிளம்பும்போது அவர் சிறிது தூரம் கூடவே வந்தார்.

"அந்த ஒரு பிடி இருந்திருந்தா அந்தக்கா பொழச்சிருக்குமா ஆத்தா?"

"பிடி குறைஞ்சதால இல்ல. அந்த டப்பா முழுசா அன்னைக்கு இங்க இருந்திருந்தா, ஒருவேளை."

இதைவிட மென்மையாக ஒன்று சொல்லியிருக்கலாம். உண்மையான வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த வாரம் மீசைக்காரர் மட்டும் இரண்டு மாடுகளோடு வந்தார். "மாப்ளே மேலயே இருந்துக்கிறானாம். மருந்துச் சோலி வேண்டாமாம்" என்றார். மண்டிக்காரர் அவருக்குப் பதில் பொட்டிபுரத்திலிருந்து ஒருவரை அனுப்பினார். நான் மறுபடியும் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பினேன். நடுவில் கட்டுவது, கருவாடு, ஓடை, மெழுகுத்துணி, அரக்கு எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் புதிதாக ஒன்று சேர்த்தேன்: "மெட்டுல சாமிக்கு வைக்கணும்னா முன்னாடியே எங்கிட்டச் சொல்லுங்க. எது வேணும்னாலும் தனியாப் பொட்டலம் கட்டித் தர்றேன்."

"மருந்தையா?" என்றார் புதியவர், சிரித்தபடி.

"மருந்தையும்தான்."

"எதுக்கு ஆத்தா அப்படி?"

மீசைக்காரரைப் பார்த்தேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர், ஏற்கெனவே இறுகிக் கிடந்த பொதிக் கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தார்.