பிடிக்க ஆளில்லாத ஏணி

லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் பேஸ்மென்டில் பழைய கோப்புகள் அடுக்கிய அறை. அதற்கு நான் ஒருவன்தான் ஊழியன். ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சுவரில் ஹிந்தியில் ஒட்டியிருந்தார்கள். அந்த இன்னொருவரைக் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். ஆள் இல்லை என்றார்கள். மனைவி திருச்சியில் மகளோடு இருந்தாள். வீட்டிலும் தனி, இங்கும் தனி. பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். மேல்தட்டில் ஒரு கோப்புக்காக அலுமினிய ஏணியைச் சாய்த்து ஏறினேன். அதன் ஒரு காலில் ரப்பர் தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். பக்கவாட்டில் எட்டியபோது ஏணி மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரும்பு அலமாரியைக் கட்டிப்பிடித்து, எப்படியோ அதன் உச்சிக்கு ஏறிவிட்டேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. “கோயி ஹை?” என்று ஹிந்தியில் ஆள் தேடிக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. கைபேசி கீழே மேஜைமேல் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட அடிக்கவில்லை. கீழே விழுந்திருந்தால் திங்கட்கிழமைதான் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று தோன்றியது.

“யாராவது இருக்கீங்களா?” என்னையறியாமல் தமிழில் கத்தினேன்.

“இருக்கேன் சார், வந்துட்டேன்!”

தாழ்வாரம் பெருக்கும் பெண் வாசலில் நின்றாள். இரண்டு வருடமாக நாங்கள் ஹிந்தியில்தான் பேசியிருந்தோம்.

“நீங்க தமிழாம்மா?”

“விழுப்புரம் பக்கம் சார். அதெல்லாம் அப்புறம்.” ஏணியை நிறுத்தி, அடிப்படியில் ஒரு காலை வைத்து அழுத்திக்கொண்டாள். “ஜல்தி வேணாம். மெதுவா எறங்குங்க.”

இறங்கி முடித்தும் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆளில்லாம ஏன் சார் ஏறுனீங்க?”

“யாரைக் கூப்பிடறது?”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.”

அது எனக்குத் தோன்றவேயில்லை என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

புது ஏணி கேட்டு எழுதிக் கொடுத்தேன்; அது வரும்வரை மேல்தட்டுக் கோப்பு எதையும் எடுத்துத் தரவில்லை. வந்தபின், ஏற வேண்டிய வேலைகளை அவள் பெருக்க வரும் மூன்று மணிக்கென்று ஒதுக்கி வைத்தேன். ஏணியைப் பிடித்தபடி, பிள்ளைகள் தமிழே பேசுவதில்லை என்று குறைபட்டுக்கொள்வாள். நான் வேண்டுமென்றே மெதுவாகத் தேடுவேன்.

கோடையில் அவளை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ஏற வேண்டியிருந்தால் மாடிக்குப் போய், யாராவது ஒருவர் எழுந்து வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.