முற்றத்தைத் தாண்டிப் போன கரண்டி

எங்கள் தெருமுனை உணவகம் இத்தனை வருஷம் நிலைத்து நின்றதற்கு என் வீட்டுக்காரரின் நாக்குதான் காரணம். அது மட்டும் இல்லாவிட்டால் அடுப்பு அணைந்து, கூரை இறங்கி, அந்த இடத்தில் இன்று புல் முளைத்திருக்கும். ஊரே பட்டினியில் படுத்திருக்கும். சரி, ஊர் என்பது கொஞ்சம் அதிகம். புல்லும் அதிகம். நான் சொல்வதில் கால்பங்கு கூட்டல் இருக்கும் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். முக்கால்பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு விஷயம் அந்த முக்காலில் சேர்ந்தது.

ஆனால் இது அவரைப் பற்றிய கதை அல்ல. அந்த உணவகத்தில் இறைச்சி சமைத்த ஒருத்தியைப் பற்றியது. கரண்டியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். வருஷக்கணக்கில் கறி சமைத்தாள். ஒரு துளி அவள் நாக்கில் பட்டதில்லை. இதில் கூட்டல் எதுவும் கிடையாது.

அந்த உணவகம் வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் வெளியே சாப்பிடப் போவது என்றால் பிரிவதற்குப் போவது மாதிரி. எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் காய்கறி, அவர் எலும்பைக் கடித்து உறிஞ்சுகிற ஆள். கல்யாணமான புதிதில் தெருமுனை வரை சேர்ந்து போவோம். அங்கே அவர் இடப்பக்கக் கடைக்குள் நுழைவார், நான் வலப்பக்கக் கடைக்குள் நுழைவேன். முதலில் முடித்தவர் வெளியே வந்து பல்லைக் குத்திக்கொண்டு மற்றவருக்காகக் காத்து நிற்க வேண்டும். பெரிய குடும்பங்கள் வாசலில் இரண்டு அணியாகப் பிரிவதைப் பார்த்தால் ஏதோ பந்தயம் நடக்கப் போகிறது என்று தோன்றும்.

பிறகுதான் முதலாளி அந்தக் கடையைத் திறந்தார். தெருப்பக்கம் ஒரே வாசல். பின்னால் இரண்டு சமையலறை. நடுவில் கூரை வரை சுவர். பாத்திரம் தனி, எண்ணெய் தனி, கழுவும் தொட்டி தனி. காய்கறித் தட்டுக்கு நீலக் கரை. இறைச்சித் தட்டு வெறும் வெள்ளை. பரிமாறுகிறவர் நீலத்தை வலக்கையிலும் வெள்ளையை இடக்கையிலும்தான் ஏந்துவார். அவசரத்தில்கூட மாற்றிப் பிடித்து நான் பார்த்ததில்லை. நடுவில் நீள மேசைகள். அம்மா முன்னால் நீலத் தட்டு, மகன் முன்னால் வெள்ளைத் தட்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு சாப்பிடலாம். நாங்கள் முதல் தடவை அப்படி உட்கார்ந்த அன்று, இவர் இவ்வளவு சத்தமாக மெல்லுவார் என்பது எனக்குத் தெரியவந்தது. எல்லா நன்மைக்கும் ஒரு விலை உண்டு.

இரண்டு சமையலறைக்கும் பொதுவாக இருந்தது வெங்காயம் மட்டும். காய்கறிப் பக்கத்தில் நறுக்கி, சுவரில் இருந்த சின்னப் பொந்து வழியாகக் கூடையில் இறைச்சிப் பக்கத்துக்கு அனுப்புவார்கள். அப்போது நறுக்கியவள் இந்தக் கரண்டியம்மாதான். அந்தப் பக்கம் வாங்குகிறவர் மாஸ்டர். இறைச்சிச் சமையல் முழுக்க அவர் கையில் இருந்தது. வெங்காயம் தடிப்பா இருக்கு என்று பொந்து வழியாகத் தினமும் ஒரு குரல் வருமாம். இவள் இன்னும் மெல்லிசாக நறுக்குவாளாம். கடைசியில், தடிப்பு இல்லாத வெங்காயத்தையும் தடிப்பு என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இவளுக்கு விஷயம் புரிந்ததாம். கல்யாணம் செய்துகொண்டார்கள். உணவகத்தின் பின்முற்றத்தைத் தாண்டி ஒரே ஓர் அறை. முதலாளி அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. பிறந்த வீட்டிலேயே இறைச்சி அறியாதவள் அவள். மாஸ்டரும் ஒருநாளும் தின்னச் சொன்னதில்லை. மதியக் கூட்டம் கலைந்ததும் இருவரும் நீள மேசையின் ஓரத்தில் உட்காருவார்கள். அவருக்கு வெள்ளை, அவளுக்கு நீலம்.

ஒருநாள் ஈரத்தரையில் வழுக்கி மாஸ்டர் முதுகை அடித்துக்கொண்டு விழுந்தார். அதோடு நிற்க முடியாமல் போனது. கட்டில்தான். முதலாளி வேறு ஆள் தேட ஆரம்பித்தபோது, தன் இடத்தில் மனைவி நிற்கட்டும் என்று மாஸ்டர் சொன்னார். முதலாளி சிரித்துவிட்டாராம். கறி திங்காதவ கறி சமைக்கிறதா என்று கேட்டதற்கு மாஸ்டர் சொன்ன பதிலை அந்தத் தெருவே பிறகு சொல்லித் திரிந்தது.

"கை அவகிட்ட இருக்கு, நாக்கு என்கிட்ட இருக்கு. உங்களுக்கு வேற என்ன வேணும்?"

அப்படித்தான் அவள் சுவரின் அந்தப் பக்கம் போனாள், அப்படித்தான் கரண்டியம்மாவும் ஆனாள். கறி வெந்து வரும் நேரத்தில் ஒரு நீளக் கரண்டியில் சாற்றை மொண்டு, மேலே சின்னத் தட்டு மூடி, சிந்தாமல் முற்றத்தைத் தாண்டுவாள். ஊதி ஆற்றி அவர் வாயில் விடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவார். உப்பு ஒரு கல் கூடிப்போச்சு. தீ அவசரப்பட்டிருக்கு. வெங்காயம் இன்னும் கரையலை. இன்னிக்கு யார் மேல கோபம், இவ்வளவு காரம் போட்டிருக்கே? அவள் திரும்பி ஓடிவந்து சரிசெய்வாள். மறுபடி கரண்டி, மறுபடி முற்றம். சில நாள் மூன்று நடை, நான்கு நடை. மாஸ்டர் சமைத்த காலத்தைவிடக் கறி நன்றாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் என் காதோடு சொன்னார். உரக்கச் சொன்னால் மாஸ்டர் மனம் நோகும் என்று பயம்.

அப்படிச் சில வருஷம் போனது. பிறகு மாஸ்டருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, விட்டது. விட்ட பிறகு ஒரு மாற்றம். கரண்டியை வாங்கிச் சுவைத்து, கண்ணை மூடி, 'சரி' என்றார். அடுத்த நாளும் 'சரி'. அதற்கு அடுத்த நாளும். ஒரே நடைதான், குறையே இல்லை.

கரண்டியம்மாவுக்கு அது எப்படிப்பட்ட சந்தோஷமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் குறை சொன்ன வாய். தனக்குக் கடைசியில் கை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். காய்கறிப் பக்கத்துப் பெண்களிடம், இப்பல்லாம் ஒரு வார்த்தை குறை சொல்றதில்லை தெரியுமா என்று சொல்லிச் சிரித்தாளாம்.

வெள்ளைத் தட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தது அந்த வாரங்களில்தான். நீள மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் நீலத் தட்டு வழித்துக் காலியாக இருக்கும்; வெள்ளைத் தட்டில் கறி அப்படியே இருக்கும். என் வீட்டுக்காரரே இரண்டு வாய் தின்றுவிட்டு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டார். என்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்லை, பசியில்லை என்றார். முப்பது வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

முதலாளி சமையலறைக்குள் போய்ப் பேசினார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் பாதி மேசை பட்டினியாக எழுந்தால் மீதிப் பாதியும் அடுத்த தடவை வராது என்பது அவருக்குத் தெரியும். குடும்பம் மறுபடி இரண்டு கடைக்குப் பிரிந்து போய்விடும். இந்த வாரம் பார்க்கிறேன், அப்புறம் வேறு மாஸ்டர்தான், நீ பழையபடி வெங்காயத்துக்குப் போ என்றார்.

அடுத்த நாள் அவள் உப்புப் போடுவதற்கு முன்பே ஒரு கரண்டி மொண்டாள். உப்பே இல்லாத சாறு. முற்றத்தைத் தாண்டி, ஊதி, அவர் வாயில் விட்டாள். அவர் கண்ணை மூடினார். பழைய மாதிரியே நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார்.

"சரி. இறக்கிடு" என்றார்.

அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முற்றத்துக் குழாயடியில் நெடுநேரம் அந்தக் கரண்டியையே கழுவிக்கொண்டு நின்றதாகப் பரிமாறுகிறவர் சொன்னார். மாஸ்டருக்குச் சுவை தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவான். அது பெரிதில்லை, வெங்காயம் நறுக்கியும் பிழைக்கலாம். ஆனால் நடக்கவும் திரும்பிப் படுக்கவும் முடியாத மனிதரிடம் மிச்சம் இருந்த வேலை அந்த 'சரி' ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு தினமும் அதே அறைக்குள் எப்படிப் போவது?

அன்று மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மேசைக்கு வந்தாள். சாப்பிடும் கூடத்துக்குள் ஆட்கள் இருக்கும்போது அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடை உணவகத்துக்கு நேர் எதிரே.

"ஐயா, நாளைலேருந்து காலையில ஒரு கரண்டி கொண்டு வரேன். ருசி பாத்துச் சொல்லணும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவர் திருதிருவென்று விழித்தார். நான்தான் விஷயத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். கேட்டு முடித்ததும் எனக்கு ஒரு கவலை வந்தது.

"நீ ஆள் பாத்துத்தான் வந்தியா? என் சமையலைத் தின்னு தின்னு, எதை வச்சாலும் நல்லா இருக்குன்னு சொல்லப் பழகின மனுஷன் இவரு. உன் கடைக்கு உதவுவாரா?"

அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "பழக்கிக்கலாம் அக்கா" என்றாள்.

பழக்க வேண்டித்தான் இருந்தது. முதல் நாள் கடையில் உட்கார்ந்து சுவைத்துவிட்டு, நல்லா இருக்கும்மா என்றார். அவள் அசையாமல் நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். உண்மையைச் சொல்லுங்க, வீட்டுக்கு வந்து நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, உப்பு அதிகம், மிளகு கசக்குது, கறி இன்னும் வேகணும் என்று கடகடவென்று சொன்னார். முப்பது வருஷமாக என்னிடம் சொல்லாமல் சேர்த்துவைத்ததில் ஒரு பகுதி அது என்று எனக்குப் பட்டது. அவள் தெருவைத் தாண்டி ஓடினாள்.

அன்றிலிருந்து அதுதான் ஒழுங்கு. முதலில் தெரு, அவர் சொல்லும் குறையெல்லாம் தீர்ந்த பிறகு முற்றம். மாஸ்டர் சுவைத்து 'சரி' என்பார். அந்தச் 'சரி' பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவள் முதலில் எங்கள் பக்கம் வந்தாள். வெள்ளைத் தட்டுகள் மறுபடி காலியாக உள்ளே போயின. வேறு மாஸ்டர் பேச்சை முதலாளி எடுக்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. மாஸ்டருக்குக் கடைசி வரை தெரியாது.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போனார். ஓரிரு நாளில் அவள் முதலாளியிடம் போய், இனி இறைச்சிப் பக்கம் வேண்டாம், வெங்காயத்துக்கே போகிறேன் என்றாள். எனக்குக் கோபம். என் வீட்டுக்காரரின் நாக்கு எங்கேயும் போய்விடவில்லையே என்றேன்.

"அது இரவல் அக்கா" என்றாள்.

புது ஆள் வந்தார். பொந்து வழியாக வெங்காயம் போனது. தடிப்பா இருக்கு என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரும் சொல்லவில்லை.

இதுவரை எழுதியதை நேற்று மாலை அவளுக்கே படித்துக் காட்டினேன். இப்போது வேலை விட்டாயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்தால் சும்மா உட்காரத் தெரியாமல் அவரைக்காயை நார் உரித்துக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரர் பாதியிலேயே நாற்காலியில் தூங்கிவிட்டார். அவள் முழுவதும் கேட்டாள். மடியிலிருந்த நாரைத் தட்டிவிட்டாள்.

"அவருக்குத் தெரியும் அக்கா."

"எது?"

"எல்லாம்தான். அவரு போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு நாள் கரண்டியை நீட்டினேன். வாயைத் திறக்கலை. இன்னிக்கு நீ தின்னு, தின்னு எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு, ருசி எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சுன்னாரு."

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். ஒரு துளி பட்டதில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.

"தின்னியா?"

"தின்னேன்."

"எப்படி இருந்தது?"

அவள் தூங்குகிறவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உப்பு கம்மி. ஐயா சரின்னு சொல்லி அனுப்பின கரண்டிதான் அது. அவருகிட்ட நானும் சரின்னுதான் சொன்னேன்."