வாவி நடுவில் எஞ்சின் இழுக்க மறுத்தபோது

கடந்த மாரி வெள்ளத்தில், வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைப் பாதைகள் மூழ்கிக் கிடந்த நேரம், என் அக்காவுக்குக் குறித்த நாளுக்கு முன்னரே வலி தொடங்கியது. பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, வீட்டில் பிரசவம் பார்க்கவே முடியாது என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக அத்தானின் மீன்பிடி வள்ளம் மட்டுமே இருந்தது. நான் மோட்டார் திருத்தம் படித்தவள் என்பதால் எஞ்சினைப் பிடித்தேன். அத்தான் துடுப்போடு முன்னால் நின்றார். அக்கா மழைக்கு விரித்த தரப்பாளின் கீழே, பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

நடு வாவியில் எஞ்சின் வேகம் இழந்தது. மெதுவாக விட்டால் ஓடியது, கூட்டினால் அடங்கியது. வாடைக் காற்று எங்களைப் பின்னால் தள்ளியது.

"என்ன மச்சாள், எஞ்சின் படுத்திட்டா?" என்றார் அத்தான்.

"படுக்கல்ல அத்தான். இழுக்குதில்ல."

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்ணீருக்குள் சுழலும் காற்றாடியில் பாசி சுற்றவில்லை. குளிர்விக்கும் தண்ணீர் ஒழுங்காக வெளியேறியது. பிளக்கை மாற்றினேன். கொஞ்ச நேரம் பாய்ந்து, மறுபடி அடங்கியது. தாங்கி மூடியிலுள்ள, உள்ளே காற்றுப் போகவிடும் திருகைக் கரையிலேயே திறந்திருந்தேன். ஆகவே அதைத் திரும்பப் பார்க்கவில்லை.

அக்கா அலறினார். இனிச் செய்ய எனக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடினேன். "ஆண்டவரே, நான் படித்தது முடிந்துவிட்டது. மிச்சத்தை நீர் காட்டும்."

"என்னகா கண்ண மூடிக்கிட்டு இருக்காய்?" அக்கா ஏசினார். "இஞ்ச பாருகா, இந்த ரப்பர் உருண்டை சப்பிப்போய்க் கிடக்கு!"

வலியில் அவர் இறுகப் பிடித்திருந்தது பெற்றோல் குழாயை. அதிலுள்ள கைப்பம்புதான் அந்த ரப்பர் உருண்டை; அவர் கையை எடுத்த பிறகும் ஒட்டிப்போயே இருந்தது. தாங்கிக்குள் காற்றுப் போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். தரப்பாளைத் தூக்கினேன். மூடியின்மேல் சொப்பிங் பை சுற்றி, ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தது. மழைத் தண்ணீர் பெற்றோலில் கலக்காமலிருக்க எங்கள் பக்கத்தில் மாரியில் இப்படிக் கட்டுவார்கள். நான் திருகைத் திறந்த பிறகு அத்தான் கட்டியிருக்கிறார்.

பையைக் கிழித்தேன். தாங்கி சீறிக்கொண்டு காற்றை இழுத்தது. கைப்பம்பை அமுக்கினேன், நிறைந்தது. எஞ்சின் பாய்ந்தது.

"மழைக்கெண்டுதான் கட்டினனான்" என்றார் அத்தான்.

"எனக்குத்தான் மூச்சு முட்டுதெண்டா எஞ்சினுக்குமா!" என்றார் அக்கா.

போன உடனேயே சத்திரசிகிச்சைக்கு எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம். கர்த்தருக்கு நன்றி.

இதில் அற்புதம் எங்கே என்று ஒருவர் கேட்டார். எஞ்சின் ஏன் அடங்கியது என்பதை என்னால் விளக்க முடியும். நான் கேட்ட அந்தக் கணத்தில் அக்காவின் கை ஏன் அங்கே இருந்தது என்பதை என்னால் விளக்க முடியாது. முன்பெல்லாம் வேலை முடிந்த பிறகுதான் ஜெபிப்பேன். இப்போது திருகுச் சாவியைக் கையில் எடுக்கும் முன்பே ஜெபிக்கிறேன்.

நீங்களும் கேளுங்கள், அன்பானவர்களே. கேட்டுவிட்டுக் காதைத் திறந்து வையுங்கள். பதில் பக்கத்தில் இருப்பவரின் ஏச்சாகவும் வரலாம்.