இடக்கைக்காரரின் பிஸ்டல்

அந்த இராணுவ அதிகாரி இடக்கைக்காரராக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் நடந்திருக்காது. வலக்கைக்காரர்கள் பிஸ்டலை வலது இடுப்பில் செருகுவார்கள். தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டுள்ள பக்கம் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும். இவர் இடது இடுப்பில் செருகியிருந்தார். பூட்டு வெளியே, வெயிலில், என் கண்ணுக்கு நேராக இருந்தது. அது கீழே தட்டித் திறந்து கிடந்தது. போதாக்குறைக்குச் சுத்தியலும் பின்னால் இழுபட்டு, அடிக்கத் தயாராக நின்றது.

போர் நடந்த வருடங்கள் அவை. கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் பேராதனைக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் நிற்கும். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய் நிற்கும் பஸ்ஸில் மறுபடி ஏறவேண்டும். அந்த நடைக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: கேட்டால் மட்டும் பதில், அதுவும் ஒரே சொல்லில். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, கண்டி ரயில் நிலையத்தின் பார்சல் பகுதியில் வேலை பார்த்த அப்பா போட்ட சட்டம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நான் ஒரு சொல்லோடு நிற்கிற ஆள் இல்லை.

“சேர், பூட்டுப் போடேல்லை” என்பதை எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடச் சிங்களத்தில் சொன்னேன். உதவி செய்த பெருமையில் சிரித்தும் வைத்தேன். அவர் குனிந்து பார்த்து, வலது கையால் பூட்டை மேலே தள்ளினார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்தார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

பிஸ்டலை எனக்குச் சொல்லித் தந்தது நடைபாதைக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஓர் இயந்திரப் புத்தகம். நீராவி எஞ்சின், தையல் இயந்திரம், கடிகாரம் எல்லாவற்றையும் அதில் பிளந்து வரைந்திருந்தார்கள். ஆனாலும் என்னைப் பிடித்துக்கொண்டது பிஸ்டல்தான். சுடுவதில் எனக்கு ஆசை இல்லை. பட்டாசுக்கே காதைப் பொத்துவேன். கையை உதைத்துவிட்டு வீணாய்ப் போகும் விசையை யாரோ ஒருவர் பிடித்து, அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலைக்கு அனுப்பினாரே, அந்தப் புத்திதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

சாவடியிலிருந்து என்னைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் இதையெல்லாம் ஓர் உப பரிசோதகரிடம் சொன்னேன். கண்டிப் பக்கத்து முஸ்லிம் மனிதர். தமிழ் பேசுவார் என்பதால் என்னை அவரிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். தகவல் போய், அப்பா குடையோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். உப பரிசோதகர் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். புத்தகத்தில் படித்ததுதான் என்று தனக்கு நம்பிக்கை வந்தால் இப்போதே வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் மேல் விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். அங்கே போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்பது தன் கையில் இல்லை.

“உண்மயச் செல்லுங்க மகள். இதெல்லாம் யாரு படிச்சிக் குடுத்த?”

நான் தொடங்கிவிட்டேன். பழைய கறுப்பு வெடிமருந்து புகையும் கரியுமாய் இயந்திரத்தை அடைத்துவிடும். புகை குறைந்த மருந்து வந்த பிறகுதான் தானாக ஏற்றும் பிஸ்டலைச் சரிவரச் செய்ய முடிந்தது. முதலில் வந்தவற்றில் ஒன்றுக்கு முழங்கால் மாதிரி ஒரு மூட்டு. சுட்டதும் அது மேலே மடியும். பார்க்க அழகு, சேறு பட்டால் சண்டித்தனம். ரிவோல்வர்த் தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் துளைக்குள்ளால் விழுந்துவிடும். பிஸ்டல் பிடிக்குள் செருகும் மகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்த விளிம்புகள் கொழுவிக்கொள்ளும். அதனால் பிஸ்டல் தோட்டாவுக்கு விளிம்பை ஒடுக்கி, அடியில் ஒரு பள்ளம் வெட்டினார்கள். ஒன்பது மில்லிமீற்றர் தோட்டாகூட கழுத்து ஒடுங்கிய பழைய தோட்டா ஒன்றின் கழுத்தை அகலித்துப் பிறந்ததுதான். மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நிலைமை மோசமாகிறது என்பது அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

உப பரிசோதகரோ கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குழல் எப்படித் திறக்கிறது என்று கேட்டார். எனக்கு ரயில்தான் வசதியான உதாரணம். குழலையும் மேலே சறுக்கும் பாகத்தையும் கொழுவிய இரண்டு பெட்டிகள் என்று வையுங்கள் என்றேன். சுட்டதும் இரண்டும் சேர்ந்து கொஞ்சத் தூரம் பின்னால் ஓடும். குண்டு வெளியே போய் அழுத்தம் இறங்கியதும் குழல் பின்பக்கம் தாழ்ந்து கழன்று நின்றுவிடும். மேற்பாகம் மட்டும் தனியே ஓடி, வெறுங்கூட்டை வெளியே எறிந்து, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து, புதிய தோட்டாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அப்பா அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார்.

“அப்ப ஸ்பிரிங் பெலன் குறைஞ்சதெண்டால் மேல்பெட்டி பின்னால போய் மோதுமே, பிள்ளை?”

கேட்ட பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மோதும் அப்பா, அதனால்தான் ஸ்பிரிங்கை மாற்றுவார்கள் என்று நானும் அவருக்குப் பதில் சொன்னேன்.

உப பரிசோதகர் யோசித்தார். பிறகு தன் பிஸ்டலை எடுத்து, மகசினைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டு, பிஸ்டலை என் முன்னால் வைத்தார். கழற்றிக் காட்டச் சொன்னார். அதுதான் பரீட்சை என்று எனக்கு விளங்கியது. சரியாகச் செய்தால் நல்லதா, பிழையாகச் செய்தால் நல்லதா என்பது மட்டும் விளங்கவில்லை.

“சேர், மகசினைக் கழட்டினாலும் குழலுக்குள்ள ஒண்டு இருக்கலாம்” என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பிஸ்டலை எடுத்து மேற்பாகத்தை இழுத்தார். பளபளவென்று ஒரு தோட்டா துள்ளி, தரையில் உருண்டு, அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. பிறகு மூன்று பேரும் முழங்காலில் நின்றோம். கடைசியில் அப்பாதான் குடைப்பிடியை உள்ளே விட்டு, ஒட்டடையோடு அதை இழுத்தெடுத்தார். என் உள்ளங்கையில் வைத்தபோது அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அந்தப் பள்ளம், புத்தகத்தில் வரைந்தபடியே. “அப்பா, விளிம்பைப் பாருங்கோ” என்று காட்டாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது பிஸ்டல். முதலில் அதன் கனம். படத்துக்குக் கனம் இல்லையே. ஒரு கையால் தூக்கினேன், மணிக்கட்டு சாய்ந்தது. இரண்டு விரலால் மேற்பாகத்தை இழுத்தேன், அசையவில்லை. பிடியை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பல்லைக் கடித்து இழுத்தேன்; பாதி வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பி, என் கையின் சதையைக் கவ்விப் பிடித்தது. நான் போட்ட சத்தத்துக்கு வாசலில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே ஓடிவந்தார். கழற்றுவதற்கான அந்தச் சிறிய முள் எங்கே என்று புத்தகத்தின் பக்கம் உட்பட எனக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை.

உப பரிசோதகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கையை விடுவித்தது அவர்தான்.

“ஐயா, இந்தப் புள்ள இன்னக்கித்தான் பிஸ்டலத் தொட்ட. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தப் பொஸ்தகத்த மட்டும் கொஞ்ச நாளைக்கி எங்கயாச்சும் வைங்க.” பிறகு என்னைப் பார்த்து, தோட்டாக் கதையை வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் ஒரே சொல்லில் பதில் சொன்னேன். அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

திரும்பும் பஸ்ஸும் அதே சாவடியில் நின்றது. அதே அதிகாரி. இறங்கும்போதே அப்பா என் கையைப் பிடித்தார். சதை நசுங்கிய கை, ஆனாலும் விடவில்லை. மற்றக் கையால் குடையை விரித்து, மழையே இல்லாத வெயிலில் எனக்கும் அந்த இடது இடுப்புக்கும் நடுவில் பிடித்தார். அதிகாரி எங்கள் அட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போகச் சொன்னார். நான் பஸ் ஏறும்வரை என் செருப்பை மட்டும் பார்த்தேன்.

பஸ் கெலிஓயாப் பக்கம் திரும்பியதும் அப்பா குடையை மடக்கி மடியில் வைத்தார். முன்னால், பின்னால் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“பூட்டுப் போட்டிருந்தவனே?”

“நான் பாக்கேல்லை அப்பா.”

“நான் பாத்தனான்” என்றார். “போட்டிருந்தவன்.”