எட்டாவது செங்கல்

“பக்கத்துல நின்னா உங்க அம்மா உனக்கு எது வரைக்கும் வருவாங்க?” என்று மாமா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம். தோளா, காதா?

மாமா என் அம்மாவின் தம்பி, கொத்தனார். அவர் பிறந்த மறுநாளே அவருடைய அம்மா இறந்துவிட்டார். பாட்டி எப்படி இருப்பார் என்று என் அம்மாவைக் கேட்டால், “எனக்கு அப்ப மூணு வயசு. எனக்கு எல்லாருமே உயரம்தான்” என்பார்.

பள்ளிப் படிப்பு முடிந்து, இருப்புக்கொள்ளாமல் பழைய பெட்டியை நான் குடைந்தபோதுதான் அந்தப் புகைப்படம் கிடைத்தது. பூசாத செங்கல் சுவர், ஒரு ஜன்னல், சுவரோடு ஒட்டி நிற்கும் பெண். பின்பக்கத்தில் தாத்தா, பாட்டியின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதியிருந்தார். முகத்தை ஈரம் தின்றிருந்தது. உச்சந்தலை மட்டும் தப்பியிருந்தது. முழங்காலுக்குக் கீழே படமே இல்லை.

மாமா வெகுநேரம் பார்த்தார். “முகம் போச்சு. உயரமாவது கிடைக்கும்.” நகத்தால் செங்கல் வரிசைகளை எண்ணினார். ஜன்னலின் அடிக்கட்டையிலிருந்து எட்டாவது வரிசையில் உச்சந்தலை.

மறுநாள் காலை இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். அங்கே இப்போது வேறொரு குடும்பம். சுவர் இன்னும் பூசப்படாமல் இருந்தது. மாமா எட்டு எண்ணி, கொத்துக் கரண்டி நுனியால் கோடு கீறினார். பக்கத்தில் போய் நின்றார். கோடு அவர் நெஞ்சுக்குக்கூட வரவில்லை.

“இவ்வளவுதானா?” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

திரும்பி இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். “ஜன்னலைப் பாரு. முழங்கால் உயரத்துல எவனாவது ஜன்னல் வைப்பானா? முப்பது வருஷமா கரண்டி பிடிக்கிறேன், தரை ஏறியிருக்கும்னு தோணலையே.”

சாலைக்கு மேல் சாலை போட்டு, முற்றத்திலும் மண் கொட்டி நிரவியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சுவரோரம் தோண்டினார்.

“என்ன கொத்தனாரே, புதையலா? பாதி எனக்கு.”

“எங்க அம்மாவோட உயரம்மா. பாதியா குடுக்க முடியாது.”

அந்த அம்மா உள்ளே போய் இன்னொரு மண்வெட்டி கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

மண்ணுக்குள் போகிற செங்கல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கை எந்தக் கொத்தனாரும் வழித்துப் பூச மாட்டார் என்று மாமா சொன்னார். அந்த இடுக்குப் பூச்சு முடிகிற இடம்தான் பழைய தரை. ஐந்து வரிசை இறங்கியபின் இடுக்குகள் கரடுமுரடாயின. மாமா குழியில் இறங்கி, சுவரைப் பார்த்து நின்றார். கோடு அவர் மூக்குக்கு நேராக இருந்தது. செங்கலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். நான் தெருவைப் பார்த்தேன்.

குழியை மூடி, காலால் மிதித்துச் சமன் செய்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்தேன். என் புருவம் வரை வருகிறார்.

அந்தச் சுவரைச் சீக்கிரமே பூசப்போகிறார்களாம். கோடு இருக்கும் இடத்தை மட்டும் பூசாமல் விடச் சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. அதனால் நான் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கொத்தனார், பெயின்டர் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள். வாய்க்கு வாய் மாறி, அந்தச் சுவரைப் பூச வருகிறவர் காதுக்கும் ஒருநாள் போகும்.