அம்மை ஓட்டிய மெஷின்

இன்று காலை மிக்சியில் தேங்காய் அரைத்தபோது நீலப்பொறி பறந்து, கார்பன் கருகிய வாசம் வந்தது. சின்ன வயதில் பாறசாலை சினிமாக் கொட்டகையின் பின்னறையில் இதே வாசம்தான் இருக்கும். மோட்டாரையும் ஜெனரேட்டரையும் ஒரே தண்டில் கோத்த பெரிய மெஷின் அங்கே ஓடும். லைன் கரண்டை வாங்கி, படம் காட்டும் விளக்குக்கு ஏற்ற கரண்டாக மாற்றிக் கொடுக்கும்.

அதை ஓட்டிய அப்பா இறந்ததும், வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி கொட்டகை முதலாளி அம்மையை அந்த வேலைக்கு வைத்தார். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன வருஷங்களில் அம்மை எல்லாம் பார்த்துப் படித்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்னியில், சண்டைக் காட்சியின் நடுவே திரை இருண்டது. ஒரே கூவல். முதலாளி ஓடிவந்தார்.

“பெண்ணுங்களுக்கு உள்ள வேலையா இது? வெளியே வா.”

“பிரஷ் தேஞ்சதாக்கும் முதலாளி. இப்ப மாத்துவேன், அங்க நில்லுங்க,” என்றாள் அம்மை.

சுவிட்சை அணைத்து, சுழலும் தண்டில் உரசிக் கரண்டைக் கடத்தும் அந்தக் கார்பன் கட்டையைக் கழற்றி, புதிய பிரஷ்ஷைப் பொருத்தினாள். மெஷின் முனகிப் பிறகு சீராக இரைந்தது. திரை வெளிச்சமானதும் கொட்டகையே கைதட்டியது.

“இனி வேற ஆள் தேடாண்டாம்,” என்றாள். முதலாளி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். அதுவரை அம்மை நின்றே வேலை பார்த்த அந்த அறையில் முதலாளி போடச் சொன்ன ஒரு நாற்காலி கிடந்தது. மெஷினைப் போட்டுவிட்டு அதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நமக்கு உள்ளதாக்கும் மக்கா,” என்றாள்.